ஃபேரி குவீன்: ஓர் எஞ்சினின் உழைப்பும் பாதுகாப்பும்

இந்திய ரயில்வேயின் தொடக்க காலத்தைச் சேர்ந்த பொருள்களுள் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில. முதல் நிலையக் கட்டடங்கள் பலவும் இடிக்கப்பட்டுப் புதியவை எழுந்தன. மரத்தாலான பெட்டிகள் மக்கிப் போயின. எஞ்சின்களோ, வயது முதிர்ந்ததும் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக உலைக்குச் சென்றன. இவ்விதிக்கு விலக்காக நிற்பது 'ஃபேரி குவீன்' என்னும் நீராவி எஞ்சினாகும். 1855ஆம் ஆண்டில் அன்றைய கல்கத்தாவில் வந்து இறங்கிய இந்த எஞ்சின், 54 ஆண்டுகள் உழைத்தது. 88 ஆண்டுகள் ஓய்ந்து நின்றது. அதன் பின்னர் மீண்டும் ஓடிற்று.

இதன் வரலாறு ஒரு பழம்பொருளின் வரலாறு மட்டுமன்று. தொழில்நுட்பச் சின்னங்களைப் பாதுகாப்பது என்றால் உண்மையில் எதைப் பாதுகாப்பது என்ற கேள்விக்கும் இவ்வரலாறு விடை தருகிறது. நீராவி யுகம் முடிந்துவிட்ட நிலையில், அந்த விடையை அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

நிலக்கரியைத் தேடிச் சென்ற பாதை

கிழக்கிந்திய ரயில்வே நிறுவனம் 1845ஆம் ஆண்டில் தோன்றியது. ரோலண்ட் மெக்டொனால்ட் ஸ்டீஃபன்சன் என்பவர் இதன் மூலவர். கல்கத்தாவை வடமேற்கு மாகாணங்களுடன் இணைப்பதே நிறுவனத்தின் நெடுநோக்கம். எனினும், முதலில் ஒரு சோதனைப் பாதை அமைப்பதற்கே 1849ஆம் ஆண்டில் ஒப்பந்தம் ஏற்பட்டது. இச்சோதனைப் பாதை ராணிகஞ்சை எல்லையாகக் கொண்டதற்குத் தெளிவான பொருளாதாரக் காரணம் உண்டு. ராணிகஞ்சு வட்டாரத்தில் 1774ஆம் ஆண்டிலேயே நிலக்கரி வெட்டும் பணி தொடங்கியிருந்தது. ஆயினும், அந்த நிலக்கரியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவரத் தாமோதர் ஆற்றையே நம்ப வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் ஆறு பெருகும்போதுதான் படகுகள் செல்ல இயலும். மற்ற மாதங்களில் வெட்டிய நிலக்கரி கரையிலேயே குவிந்து கிடக்கும். ஆண்டு முழுவதும் தடையின்றி எரிபொருள் பெற ரயில் பாதை தேவையாயிற்று.

1854 ஆகஸ்ட் 15 அன்று ஹௌராவிலிருந்து ஹூக்ளி வரை முதல் பயணிகள் ரயில் ஓடியது. ஏறத்தாழ 38 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க அதற்கு 91 நிமிடங்கள் ஆயின. இந்தத் தொடக்கமும் இடையூறுகளுக்கிடையே நிகழ்ந்ததே. மாதிரிப் பெட்டிகளை ஏற்றிவந்த கப்பல் ஹூக்ளி ஆற்றின் முகத்துவாரத்திற்கு அருகே மூழ்கியது. எஞ்சினை ஏற்றிய கப்பல் வழி தவறி ஆஸ்திரேலியாவுக்குச் சென்று, பின்னர் திரும்பியது. பெட்டிகளைக் கல்கத்தாவிலேயே கட்ட வேண்டியதாயிற்று. 1855 பிப்ரவரி 3 அன்று பாதை ராணிகஞ்சை எட்டியது. ஹௌராவிலிருந்து அதன் நீளம் ஏறத்தாழ 195 கிலோமீட்டர்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன், தாம்ப்சன், ஹெவிட்சன் என்போரின் தொழிற்சாலை அதே 1855ஆம் ஆண்டில் கட்டி அனுப்பிய எஞ்சின்களுள் இரண்டு இங்குக் குறிப்பிடத்தக்கவை. ஒன்று 21ஆம் எண் கொண்டது. அது 'எக்ஸ்பிரஸ்' எனப் பெயர் பெற்றது. மற்றொன்று 22ஆம் எண். இதுவே பிற்காலத்தில் 'ஃபேரி குவீன்', அதாவது தேவதைகளின் அரசி, எனப்பட்டது. இப்பெயர் இதற்குச் சூட்டப்பட்டது 1895ஆம் ஆண்டில்தான். தன் பணிக்காலத்தின் முதல் 40 ஆண்டுகள் இது வெறும் எண்ணாகவே அறியப்பட்டது.

எஞ்சினின் அமைப்பு

இந்த எஞ்சினின் அமைப்பைப் புரிந்துகொண்டால், அதன் பணியின் தன்மையும் எளிதில் விளங்கும். எல்லா நீராவி எஞ்சின்களையும் போலவே இதிலும் ஓர் உலையறை, ஒரு கொதிகலன், இரண்டு உருளைகள் உள்ளன. உலையறையில் நிலக்கரி எரிகிறது. அங்கு எழும் சூடான வாயு, கொதிகலனுக்குள் நீளவாக்கில் பொருத்தப்பட்ட குழாய்கள் வழியே சென்று, அவற்றைச் சூழ்ந்துள்ள நீரைக் கொதிக்க வைக்கிறது. மேலே திரளும் நீராவி, ஓட்டுநர் திறக்கும் வால்வின் வழியே உருளைகளுக்குள் பாய்ந்து, பிஸ்டனை முன்னும் பின்னுமாகத் தள்ளுகிறது. பிஸ்டனோடு இணைந்த தண்டு சக்கரத்தைச் சுழற்றுகிறது. வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே விசையுடன் வெளியேறும்போது, உலையறையிலுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு செல்கிறது. அதனால் நெருப்பு மேலும் கொழுந்து விட்டு எரிகிறது. எஞ்சின் கடினமாக உழைக்க உழைக்க, அதன் நெருப்பும் தானே வளரும் என்பது இவ்வமைப்பின் சிறப்பாகும்.

'ஃபேரி குவீன்' அகல ரயில் பாதைக்கு உரியது. மொத்தத்தில் மூன்று அச்சுகள். அவற்றுள் நடு அச்சு மட்டுமே இயக்கப்படுவது. நடுவிலுள்ள இயக்கு சக்கரங்களின் விட்டம் 6 அடி, அதாவது ஏறத்தாழ 1.83 மீட்டர். இச்சக்கரம் ஒருமுறை சுழன்றால் எஞ்சின் ஏறக்குறைய 5.75 மீட்டர் முன்னேறும். எஞ்சினின் உச்ச வேகமான மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓடும்போது, சக்கரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 116 முறை சுழன்றால் போதும். பிஸ்டன்கள் மெதுவாக அசைந்தாலே வேகம் கிடைக்கும் என்பதால் தேய்மானம் குறைவு.

இந்த நன்மைக்கு ஈடாக ஒரு குறையும் உண்டு. ஒரே அச்சு இயக்கப்படுவதால், எஞ்சினின் எடையில் ஒரு பகுதி மட்டுமே தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளும் பிடிப்பாகப் பயன்படுகிறது. எடை மிகுந்த வண்டியை இழுக்க முற்பட்டால் சக்கரம் வழுக்கிச் சுழலும். எஞ்சினின் மொத்த எடை 26 டன். ஆற்றல் 130 குதிரைத் திறன். தனியாக நீர் வண்டி கிடையாது. எஞ்சினின் அடிப்புறத்திலுள்ள தொட்டியில் 3,000 லிட்டர் நீரே கொள்ளும். ஆதலால் வழியில் அடிக்கடி நீர் நிரப்ப வேண்டியிருந்தது. இலேசான வண்டிகளைச் சீராக இழுத்துச் செல்வதே இதற்கு ஏற்ற பணியாகும்.

உழைத்த ஆண்டுகள்

அவ்வாறே, ஹௌராவுக்கும் ராணிகஞ்சுக்கும் இடையே தபால் வண்டிகளை இழுக்கும் பணி இதற்கு அளிக்கப்பட்டது. 1857ஆம் ஆண்டுப் பேரெழுச்சியின்போது படை வண்டிகளையும் இது இழுத்துச் சென்றது என்று ரயில்வே வரலாறு கூறுகிறது. அப்போது ராணிகஞ்சே பாதையின் முடிவிடம். அதற்கு அப்பால் படைகள் மாட்டு வண்டிகளிலும் கால்நடையாகவும் செல்ல நேர்ந்தது. மக்களுக்கு வசதி தரும் சாதனமான அதே ரயில், அயலாட்சியின் பிடியை இறுக்கும் கருவியாகவும் இருந்தது என்பதை இந்நிகழ்ச்சி நினைவூட்டுகிறது.

நாளடைவில் வண்டிகளின் நீளமும் எடையும் கூடின. பல அச்சுகள் ஒன்றாக இணைக்கப்பட்ட வலிய எஞ்சின்கள் வந்தன. ஒற்றை அச்சு எஞ்சினுக்கு முதன்மைப் பாதையில் இடமில்லாமற் போயிற்று. பின்னர் இது பீகாரில் புதிய பாதைகள் அமைக்கும் பணிக்கு அனுப்பப்பட்டது. தபால் பைகளைச் சுமந்த வண்டிகளை இழுத்த எஞ்சின், இப்போது கட்டுமானப் பணிக்குத் துணை நின்றது. 1909ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றது.

பீடத்தின் மேல்

ஓய்வுபெற்ற எஞ்சின்கள் உடைக்கப்படுவதே அக்கால வழக்கம். ஆயினும், 22ஆம் எண் எஞ்சின் ஹௌரா நிலையத்தின் வெளியே ஒரு பீடத்தின் மேல் நிறுத்தப்பட்டது. 34 ஆண்டுகள் அது அங்கேயே நின்றது. 1943ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசப் பகுதியிலுள்ள சந்தௌசியில் அமைந்த ரயில்வே மண்டலப் பயிற்சிப் பள்ளிக்கு மாற்றப்பட்டது. அங்குப் பயிலவந்த ரயில்வே ஊழியர்களுக்கு அது ஒரு காட்சிப் பொருளாயிற்று.

விடுதலைக்குப் பின் நாட்டின் எஞ்சின் தொழில் புதிய நிலையை எட்டியது. மேற்கு வங்காளத்தின் சித்தரஞ்சன் தொழிற்சாலை 1950ஆம் ஆண்டு முதல் 1972ஆம் ஆண்டு வரை 2,351 நீராவி எஞ்சின்களைக் கட்டியது. லீட்ஸிலிருந்து கப்பலில் எஞ்சினை எதிர்பார்த்திருந்த வங்காளத்தில், நாட்டிற்கு வேண்டிய எஞ்சின்கள் உருவாயின. நீராவி எஞ்சின் உற்பத்தி நின்ற அதே 1972ஆம் ஆண்டில், 'ஃபேரி குவீன்' பாதுகாக்கப்பட வேண்டிய பாரம்பரியச் சின்னம் என்ற தகுதியைப் பெற்றது. 1977 பிப்ரவரி 1 அன்று புதுடில்லி சாணக்கியபுரியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 'ஃபேரி குவீன்' அங்குச் சிறப்பிடம் பெற்றது.

மீண்டும் ஓட்டம்

1995 டிசம்பர் 6 அன்று ஜலந்தருக்கும் ஃபெரோஸ்பூருக்கும் இடையே ஓடிய வண்டியுடன், அகலப் பாதையில் முறையான நீராவி ரயில் போக்குவரத்து முடிவுற்றது. அதன் பின் ஓரிரு ஆண்டுகளுக்குள், நாட்டின் மிகப் பழைய எஞ்சின்களுள் ஒன்றை மீண்டும் ஓட்டும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. 1997 ஜூலை 18 அன்று 'ஃபேரி குவீன்', 88 ஆண்டுகளுக்குப் பின் முதன்மைப் பாதையில் ஓடிற்று. அதனைத் தொடர்ந்து, டில்லியிலிருந்து ராஜஸ்தானத்தின் அல்வார் வரை சுற்றுலா வண்டியை இழுக்கும் பணி இதற்கு அளிக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டில், முறையான பணியிலுள்ள உலகின் மிகப் பழைய நீராவி எஞ்சின் என்று கின்னஸ் சாதனை நூல் நிறுவனம் இதனை ஏற்றுக்கொண்டது.

அந்தச் சான்றில் 'முறையான பணி' என்னும் சொற்களே முக்கியமானவை. இதைவிட வயது மிகுந்த எஞ்சின்கள் உலகில் உண்டு. இங்கிலாந்தில் 1829ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'ராக்கெட்' இன்றும் காணக் கிடைக்கிறது. ஆனால் அது ஓடுவதில்லை. 1831ஆம் ஆண்டைச் சேர்ந்த 'ஜான் புல்' என்னும் எஞ்சினை, அதன் 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1981ஆம் ஆண்டில் ஓட்டிக் காட்டியது. பின்னர் அதனை அருங்காட்சியகத்திலேயே வைத்தது. ஒரு நாள் விழாவுக்கு ஓட்டுவது வேறு. கால அட்டவணைப்படி, பயணிகளை ஏற்றிக்கொண்டு, நெருக்கடி மிகுந்த பாதையில் ஓட்டுவது வேறு.

களவும் மீட்பும்

இத்தனை சிறப்புகளும் எஞ்சினைக் காக்கப் போதுமானவையாக இல்லை. ஓடாமல் கொட்டகையில் நின்றிருந்த 'ஃபேரி குவீனின்' பகுதிகள் பல களவு போயிருந்தமை 2011ஆம் ஆண்டில் தெரியவந்தது. பழைய எஞ்சினில் பித்தளையும் செம்பும் மிகுதி. சான்றிதழின் மதிப்பைக் கள்வர் அறியார். உலோகத்தின் எடையையே அறிவர். களவு போனவற்றைக் கடையில் வாங்கவும் இயலாது. அவற்றைச் செய்த தொழிற்சாலை மறைந்து நெடுங்காலமாயிற்று.

சென்னை பெரம்பூரிலுள்ள ரயில் எஞ்சின் பணிமனைக்கு 'ஃபேரி குவீன்' அனுப்பப்பட்டது. இழந்த உறுப்புகள் புதிதாகச் செய்யப்பட்டன. இந்தப் பணிமனை தேர்ந்தெடுக்கப்பட்டது பொருத்தமே. அதற்குச் சற்று முன்னரே, 2010ஆம் ஆண்டில், இதன் உடன்பிறப்பான 21ஆம் எண் 'எக்ஸ்பிரஸ்' எஞ்சினைப் பெரம்பூர்த் தொழிலாளர்கள் உயிர்ப்பித்திருந்தனர். 1909ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற அந்த எஞ்சின், பீகாரின் ஜமால்பூர் பணிமனையில் காட்சிப் பொருளாக நின்றிருந்தது. 2010 ஆகஸ்ட் 15 அன்று அது சென்னையில் ஓடிற்று. பின்னர் சென்னை எழும்பூர் நிலையத்திலிருந்து கோடம்பாக்கம் வரையிலும் பாரம்பரியப் பயண வண்டியை இழுத்துச் சென்றது. தென்னிந்தியாவின் முதல் ரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது 1856 ஜூலை முதல் நாளன்று. அந்த ரயிலுக்கும் ஓராண்டு மூத்த எஞ்சினைச் சென்னை மக்கள் தம் நகரிலேயே ஓடக் கண்டனர்.

சீர்செய்யப்பட்ட 'ஃபேரி குவீன்', 2017 பிப்ரவரி 11 அன்று டில்லி கண்டோன்மெண்டிலிருந்து அரியானாவின் ரேவாரிக்கு மீண்டும் சுற்றுலா வண்டியை இழுத்துச் சென்றது. ரேவாரியிலுள்ள பழைய எஞ்சின் கொட்டகை, ஓடும் நிலையிலுள்ள நீராவி எஞ்சின்களைப் பராமரிக்கும் மையமாக ஆக்கப்பட்டுள்ளது.

நிறுத்தி வைப்பதா, ஓட்டுவதா?

பழைய எஞ்சினை ஓட்டுவது சரிதானா என்ற வினா எழுவது இயல்பே. எதிர்ப்போர் கூறும் காரணங்கள் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. ஒவ்வோர் ஓட்டத்திலும் எஞ்சின் தேய்கிறது. தேய்ந்த உறுப்பை மாற்றும்போது 1855ஆம் ஆண்டின் பொருள் சிறிது குறைகிறது. மாற்றங்கள் தொடர்ந்தால், இறுதியில் பழைய பெயரைத் தாங்கிய புதிய எஞ்சினே மிஞ்சும். இன்றைய பாதையில் ஓட வேண்டுமானால், அக்காலத்தில் இல்லாத பிரேக் முதலிய பாதுகாப்பு ஏற்பாடுகளையும் சேர்க்க வேண்டும். செலவும் மிகுதி. சுற்றுலா வண்டியில் சிலரே செல்ல இயலும். அருங்காட்சியகத்திலோ ஆயிரக்கணக்கான மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் காணலாம்.

மறுபுறம், நிற்கும் எஞ்சின் தன் இயக்கத்தைக் காட்டாது. நெருப்பு, நீர், நீராவி, இயக்கம் ஆகியவற்றின் தொடர்பை விளக்கப் படம் ஓரளவே உதவும். மேலும், ஓட வேண்டிய எஞ்சினைப் பார்வையிட ஒருவர் இருப்பார். துரு, கசிவு, காணாமற் போன திருகு ஆகியவை உடனே தெரியவரும். ஓடாத எஞ்சினோ எவருடைய அன்றாடக் கவனத்திலும் இல்லாமற் போகலாம். 2011ஆம் ஆண்டின் அனுபவம் இதனைத் தெளிவாக்கியது.

இந்தியாவைப் பொறுத்தவரை இச்சிக்கலுக்கு ஓர் அரிய தீர்வு உண்டு. ஒரே தொழிற்சாலையில், ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு எஞ்சின்கள் இங்கே உள்ளன. அவற்றுள் ஒன்றை, இனி எவ்வித மாற்றமும் செய்யாமல், வரலாற்றுச் சான்றாக வைக்கலாம். மற்றொன்றை ஓட்டலாம். எதை மாற்றினாலும் அதனைப் பதிவு செய்வதும், புதிய உறுப்பில் ஆண்டைப் பொறிப்பதும், கழற்றிய உறுப்பை எறியாமல் காப்பதும் ஓட்டுவோரின் கடமையாகக் கொள்ளத்தக்கவை. அவ்வாறு செய்தால், எது பழையது, எது புதியது என்பதில் வருங்கால மாணவருக்கு ஐயம் எழாது.

கைத்திறனும் ஒரு சின்னமே

பாதுகாப்பில் பெரிதும் மறக்கப்படுவது மனிதத் திறனாகும். நீராவி எஞ்சினைச் சாவி திருகி ஓட்ட இயலாது. குளிர்ந்த கொதிகலனை மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் தகடுகள் சமமின்றி விரிந்து இணைப்புகள் நெகிழும். உலையறையின் மேல்தகடு எப்போதும் நீரால் மூடப்பட்டிருக்க வேண்டும். நீர் குறைந்து தகடு பழுக்கக் காய்ந்தால் கொதிகலன் வெடிக்கும் அபாயம் உண்டு. நிலக்கரியை எங்கே, எவ்வளவு, எப்போது இடுவது என்பதை ஃபயர்மேன் புகையின் நிறத்தைக் கண்டே அறிவார். வால்வுகள் சரியான நேரத்தில் திறக்கின்றனவா என்பதைத் தேர்ந்த ஃபிட்டர், எஞ்சின் மூச்சுவிடும் ஒலியைக் கேட்டே சொல்வார். இவற்றுள் பெரும்பகுதி நூல்களில் இல்லை. ஒருவர் அருகே நின்று மற்றவர் கற்றது.

நீராவி எஞ்சின்கள் ஆயிரக்கணக்கில் ஓடிய காலத்தில் இத்திறன் தானாகவே தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. 1995ஆம் ஆண்டுக்குப் பின் அச்சங்கிலி பெரும்பாலான இடங்களில் அறுந்தது. எங்கே வேலை நின்றுவிடவில்லையோ, அங்கே மட்டும் திறன் நிலைத்தது. இதற்கு மலை ரயில் பாதைகள் நல்ல எடுத்துக்காட்டாகும். மேற்கு வங்காளத்தின் டார்ஜிலிங் பாதை 1999ஆம் ஆண்டிலும், தமிழகத்தின் நீலகிரிப் பாதை 2005ஆம் ஆண்டிலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. இவ்விரு பாதைகளிலும் நீராவி எஞ்சின்கள் தொடர்ந்து பணியில் உள்ளன. அதன் பயனாக, திருச்சிராப்பள்ளி பொன்மலைப் பணிமனை நீலகிரிப் பாதைக்கான புதிய நீராவி எஞ்சின்களையே கட்டியுள்ளது. 2021ஆம் ஆண்டில் நிலக்கரியால் ஓடும் எஞ்சின் ஒன்றையும் முடித்து அளித்தது. பெரம்பூரில் 'ஃபேரி குவீன்' மீட்கப்பட்டதும் இத்தகைய கைத்திறனாலேயே ஆகும்.

ஆகவே, எஞ்சின்களைக் காப்பதற்கென ஒதுக்கப்படும் பணத்தில் ஒரு பகுதி மனிதர்களுக்கும் தாள்களுக்கும் செல்ல வேண்டியது இன்றியமையாதது. ஓய்வுபெற்ற ஓட்டுநர்கள், கொதிகலன் தொழிலாளர்கள் ஆகியோரின் அனுபவங்களை எழுத்திலும் படத்திலும் பதிவு செய்வது, இளம் தொழிலாளர் சிலரை இத்துறையில் முறையாகப் பழக்குவது, பணிமனைகளில் தேங்கியுள்ள பழைய வரைபடங்களைத் தொகுத்துக் காப்பது ஆகிய மூன்றும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. ஆனால் ஒத்திப்போட இயலாதவை. இரும்பு காத்திருக்கும், அதனை அறிந்த மனிதர் காத்திருக்க இயலாது.

கல்கத்தாவின் கரையில் இறங்கிய எஞ்சினுக்கு ஓட்டம் தந்தவர்கள், தபால் வண்டிகளை நாள்தோறும் இயக்கிய பெயர் தெரியாத ஊழியர்கள். அந்த எஞ்சினைக் களவுக்குப் பின்னர் மீட்டவர்களும் பெயர் அறியப்படாத தொழிலாளர்களே. அவர்களுடைய திறன் அடுத்த தலைமுறைக்குச் சேருமானால் 'ஃபேரி குவீன்' இன்னும் பல காலம் ஓடும். சேராவிடில், அது மீண்டும் ஒரு பீடத்தின் மேல் நிற்கும். அதனை இறக்கி ஓட்டத் தெரிந்தவர் அப்போது ஒருவரும் இருக்க மாட்டார்.